வாங்கும்போது பூத்த கலஞ்சோ அப்புறம் ஏன் பூப்பதே இல்லை?

2 வருடத்துக்கு முன் பொங்கல் சமயத்தில், சிவப்புப் பூ கொத்துக்கொத்தாக நின்ற ஒரு கலஞ்சோவை வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பூ நின்றது. அதற்குப் பிறகு ஒரு மொட்டுகூட இல்லை, இலை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வருகிறது. வெங்காயத்தோல் தண்ணீர், வாழைப்பழத்தோல், எப்சம் உப்பு, புளித்த மோர் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. எந்த உரம் போட்டால் பூக்கும், இல்லை இது ஒரு தடவை பூத்து முடிகிற செடியா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மழைக்காலத்தில் அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது என்றும், வீட்டுக்குள் வைத்துப் பூக்கிற வேறு சக்குலன்ட், அதாவது தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்துவைக்கிற செடி, என்ன இருக்கிறது என்றும். கேள்வி உரத்தைப் பற்றி இருந்தாலும், கடையில் அப்படிப் பூத்த செடி உங்கள் வீட்டில் மட்டும் ஏன் பூக்க மறுக்கிறது, கடைக்காரர் கொடுத்த எதை நீங்கள் கொடுக்கவில்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் கொடுக்காதது இருட்டு. மற்ற எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், சிலது தேவைக்கு மேலேயே.

நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன், செங்கல்பட்டுப் பக்கம் 22 வருடமாக நர்சரி வைத்திருக்கிறேன். வருடத்துக்குப் பத்துப் பேராவது இதே புகாரோடு வருவார்கள், பாதிப் பேர் செடியையும் பையில் போட்டுக் கொண்டு வந்துவிடுவார்கள். இது பூத்து முடிந்ததும் சாகிற செடி இல்லை, பல வருடம் வாழும், வருடா வருடம் பூக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் பதிவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், வெளியே விட்டால் மழையில் அழுகிவிடுமோ என்று பயந்து அக்டோபர் வந்ததும் பால்கனியிலிருந்து எடுத்து ஹாலில் டிவி பக்கத்து ஜன்னலில் வைத்துவிடுவேன், பொங்கல் கழித்துத்தான் திரும்ப வெளியே என்று. சிக்கல் முழுக்க அந்த வரியில் இருக்கிறது. மழையிலிருந்து செடியைக் காப்பாற்றினீர்கள், சரி. ஆனால் வருடத்தில் எந்த மூன்று மாதம் அதற்கு நீண்ட ராத்திரி கிடைக்குமோ, சரியாக அந்த மூன்று மாதம் அதைக் கொண்டுபோய் ராத்திரி பதினொன்றரை வரை டியூப்லைட் எரிகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நாம் கடையில் வாங்குகிற கலஞ்சோவின் முழுப்பெயர் கலஞ்சோ பிளாஸ்பெல்டியானா. ஊர் மடகாஸ்கர், அதுவும் வட மடகாஸ்கரின் சரதனானா மலைப் பக்கம். சக்குலன்ட் என்றதும் பாலைவனம், கொளுத்தும் வெயில் என்று நினைத்துவிடுகிறோம், இது மலைச்செடி, வெயில் கொஞ்சம் மட்டுப்பட்டே வேண்டும். ஜெர்மனியில் போட்ஸ்டாம் ஊரில் விதை வியாபாரம் செய்த ராபர்ட் பிளாஸ்பெல்ட் என்பவர் 1932 வாக்கில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார், பெயரும் அவருடையதுதான். அதற்குள் செடிகள் பகல் ராத்திரியின் நீளத்தை அளக்கின்றன என்பது தெரிந்துவிட்டிருந்தது. 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு பேர் புகையிலையையும் சோயாவையும் வைத்து அதைக் காட்டியிருந்தார்கள். கலஞ்சோ, சாமந்தி, பாயின்செட்டியா எல்லாம் ஒரே கட்சி. ராத்திரி ஒரு அளவுக்கு மேல் நீண்டால்தான் மொட்டு கட்டும். குறுநாள் தாவரம் என்று பாடப்புத்தகத்தில் பெயர், நீள்ராத்திரித் தாவரம் என்று வைத்திருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது, ஏனென்றால் செடி அளப்பது இருட்டைத்தான். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தால்கூட, அந்த ஒரு நீண்ட ராத்திரியை இரண்டு குட்டி ராத்திரியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஓசூர், பெங்களூரு பக்கம் பஸ்ஸில் ராத்திரி போயிருந்தால் சாமந்தி வயலில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது திருடனுக்குப் பயந்து போட்டதில்லை, செடி நன்றாக வளரும்வரை பூக்க விடாமல் தள்ளிப்போடுகிற வேலை. உங்கள் ஹால் டியூப்லைட்டும் கரண்ட் பில் கட்டி அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

சென்னையில் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹாலந்தில் ஜூனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் எட்டுக்கும் குறைவு, அங்கே செடிக்குப் பருவம் பளிச்சென்று தெரிந்துவிடும். நமக்கு ஜூனில் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பர் கடைசியில் 11 மணி நேரம் 20 நிமிடம் மாதிரி. மொத்த வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். விடிகிறதுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் இருக்கிற மங்கல் வெளிச்சத்தையும் செடி கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதற்குப் போதுமான ராத்திரி நம்மூரில் ஐப்பசி வாக்கில் ஆரம்பித்து மாசி வரைக்கும்தான். கிடைக்கிற இருட்டே மயிரிழையில் போதுமான அளவு. அதிலும் மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கு விழுந்தால் கணக்கு தப்பிவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் சும்மா ஜன்னலோரம் வைத்தேன், கிறிஸ்துமஸுக்குப் பூத்தது என்று சொல்வதை இங்கே நம்பி ஏமாறுவது இதனால்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதியவன்தான், ஆனால் கண்ணால் பார்த்துப் புரிந்தது நர்சரி ஆரம்பித்த மூன்றாவது வருடம். சுற்றுச்சுவர் ஓரமாக நாற்பது ஐம்பது தொட்டி கலஞ்சோ வைத்திருந்தேன். அந்த வருடம் வெளியே தெருவில் புது விளக்கு போட்டார்கள். ஜனவரியில் பார்த்தால் வரிசையில் பெரும்பாலானவை வெறும் இலை. தண்ணீர் டிரம் நிழலில் இருந்த ஏழெட்டு மட்டும் தலை நிறையப் பூ. அதுகூடப் பெரிதில்லை, டிரம்மின் ஓரத்தில் ஒரு தொட்டி, பாதி நிழலிலும் பாதி வெளிச்சத்திலுமாக இருந்தது, அதில் டிரம் பக்கத்துக் கிளைகள் மூன்றிலும் ஆரஞ்சு நிறத்தில் கொத்து விரிந்திருக்கிறது, தெருப் பக்கத்துக் கிளைகளில் பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. ஒரே வேர், ஒரே உரம், ஒரே தண்ணீர். ராத்திரியை அளப்பது இலை, எந்தப் பக்கத்து இலை இருட்டைப் பார்த்ததோ அந்தப் பக்கத்து நுனிக்குத்தான் செய்தி முக்கியமாகப் போகும். அந்தத் தொட்டியை விற்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்காக எல்லாத் தெருவிளக்கும் கெடுக்கும் என்று சொல்ல மாட்டேன், தூரத்தைப் பொறுத்தது. ராத்திரி செடி இருக்கிற இடத்தில் நின்று செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள், எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தால் அந்த இடம் வேண்டாம். இது என் கைக்கணக்குதான், கருவி வைத்து அளந்ததில்லை, ஆனால் இதுவரை என்னை மோசம் செய்ததில்லை.

கடையில் மட்டும் எப்படி எல்லாச் செடியும் ஒரே நாளில் பூத்து நிற்கிறது என்றால், அங்கே யாரும் பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. பெரிய உற்பத்திக் கூடங்களில் மாலையில் கறுப்புத் திரையை இழுத்து மூடி, தினம் 14 மணி நேரம் இருட்டு என்று ஆறு வாரம் போலக் கொடுப்பார்கள், மொட்டு கட்டியதும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றும் செய்வார்கள், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். செடி குட்டையாக, பந்து மாதிரி நிற்பதற்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து அடித்திருப்பார்கள். ஆறு மாதத்தில் அதன் வேகம் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த செடி அதற்கப்புறம் நெடுநெடுவென்று கால் நீட்டி வளர்வதைப் பார்த்து, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கிறீர்களே, அது அதன் உண்மையான உடம்பு, அவ்வளவுதான். வெளிச்சம் போதாவிட்டாலும் இப்படி நீளும் என்பது நிஜம், இரண்டையும் பிரித்தறிய இலைகளுக்கு நடுவே உள்ள தண்டைப் பாருங்கள். இலை தடிப்பாக, பளபளப்பாக இருந்து தண்டு மட்டும் நீண்டிருந்தால் மருந்து தீர்ந்தது. இலையும் மெலிந்து, வெளிறி, ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தால் வெளிச்சக் குறைவு.

இனி செய்ய வேண்டியது. பகலில் உங்கள் கிழக்குப் பால்கனி அருமையான இடம், காலை வெயில் மூன்று மணி நேரம் விழுந்தால் போதும், மத்தியான வெயில் வேண்டாம். நவம்பர் முதல் வாரத்தில் ஆரம்பியுங்கள். மாலை ஆறு மணிக்குச் செடியை எடுத்து ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள், காலை எட்டு மணிக்கு எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். 14 மணி நேரம். ஆறு வாரம். ஊருக்குப் போகிறோம் என்று நடுவில் நாலு நாள் விட்டால் முழுக்கப் பாழாகிவிடாது, பூ குறையும், தள்ளிப்போகும். பெட்டி வேண்டாம் என்றால் துணி அலமாரியின் கீழ்த்தட்டு, யாரும் புழங்காத அறை, எதுவானாலும் சரி. ஆனால் ராத்திரி யாராவது போய் சுவிட்சைப் போடுகிற அறை உதவாது. என் வாடிக்கையாளர் ஒருவர் விருந்தினர் குளியலறையில் வைத்துவிட்டு, பூக்கவில்லை என்று வந்தார். விசாரித்தால் அவர் பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அங்கேதான் பல் தேய்க்கிறான். நுனியில் கடுகளவு மொட்டு கொத்தாகத் தெரிந்ததும், இன்னும் ஒரு வாரம் பத்து நாள் மூடிவிட்டு நிறுத்திவிடலாம், அதற்குப் பிறகு ஹாலில் வைத்தாலும் பூத்துவிடும். மொட்டு தெரிந்து பூ விரிய இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். ஆக நவம்பரில் ஆரம்பித்தால் ஜனவரி கடைசியில் நிறம் பார்க்கலாம். ஏன் கோடையிலேயே பெட்டியில் மூடக்கூடாது என்று கேட்பீர்கள். செய்து பார்த்திருக்கிறேன். ராத்திரியும் 30 டிகிரியைத் தொடுகிற மே மாதத்தில் பெட்டிக்குள் வைத்தால் செடிக்கு இருட்டு கிடைக்கும், ஆனால் சூட்டில் மொட்டு கட்டுவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், வந்தாலும் நாலு பூ. கார்த்திகை மார்கழியில் செய்தால் குளிர்ச்சியும் சேர்ந்து கை கொடுக்கும்.

பெட்டி என்று சொன்னேன், பிளாஸ்டிக் கவர் என்று சொல்லவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, ராத்திரிதான் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, இலைக்குள் புளிப்பு அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் அதை எடுத்து உணவாக்கும். பகல் சூட்டில் நீர் வெளியேறாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி. இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம்மூரில் இருந்தவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்து பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியல் வேலை பார்த்தவர். கலஞ்சோவின் சொந்தக்காரச் செடி ஒன்று, நாம் ரணகள்ளி என்றும் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் சொல்வோமே, அதன் இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு, மத்தியானத்தில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு என்று அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815இல் அச்சானது. நீங்கள் கலஞ்சோவைக் கடித்துப் பார்க்க வேண்டாம், அதில் நஞ்சு உண்டு, கீழே சொல்கிறேன். ராத்திரி மூச்சு விடுகிற செடியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள் என்பதுதான் இங்கே விஷயம். அட்டைப் பெட்டியையும் டேப் போட்டு ஒட்ட வேண்டாம், சும்மா கவிழ்த்து வைத்தாலே போதும்.

மஞ்சள் இலை பற்றி. படம் இல்லாமல் இதில் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டில் ஒன்றாக இருக்கும். கீழே உள்ள மூத்த இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி, காய்ந்து, தாமாக விழுவது வயது, விட்டுவிடுங்கள். ஆனால் இலை மஞ்சளோடு கொழகொழவென்று ஆகி, தொட்டதும் கழன்று வந்தால் வேர் அழுகல். தண்டு மண்ணில் இறங்குகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தது, மெத்தென்று உள்ளே போனால் கீழே எல்லாம் போய்விட்டது, மேல்நுனியை வெட்டிப் பதியம் போட்டால்தான் உண்டு. என் சந்தேகம் அழுகல் பக்கம்தான் சாய்கிறது, ஏனென்றால் நீங்கள் வாங்கிய தொட்டியிலேயே, அதே கலவையிலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அநேகமாக வெறும் கோகோபீட், தேங்காய் நார்த்தூள். உற்பத்திக் கூடத்தில் அளந்து நீர் விடுகிறவர்களுக்கு அது வசதி, நமக்கு ஆகாது. மழைக்காலத்தில் பத்து நாளானாலும் ஈரம் போகாது, கோடையில் ஒரு தடவை எலும்பாகக் காய்ந்துவிட்டால் நீரை உள்ளேயே வாங்காது, ஊற்றினால் ஓரமாக வழிந்து தட்டில் நிற்கும், நாமும் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நான் போடுகிற கலவை, செம்மண் ஒரு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, உமிக்கரி அரைப்பங்கு, மண்புழு உரம் அரைப்பங்கு. ஆற்று மணல் இப்போது எங்கே கிடைக்கிறது, எம்சாண்ட் போடுவதானால் இரண்டு மூன்று தடவை அலசி மாவைப் போக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். செங்கல்லை உடைத்துக் கொண்டைக்கடலை அளவில் கொஞ்சம் சேர்த்தாலும் நல்லது. மண்தொட்டிதான் என் விருப்பம், ஓரம் வழியாக ஈரம் போகும். பெரிய தொட்டி வேண்டாம், ஆறு அங்குலம் தாராளம். தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வைக்காதீர்கள், விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தொட்டியின் அடியில் வடிகிறவரை ஊற்றிவிட்டுத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். என் இடத்தில் கோடையில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும், அடைமழை வாரங்களில் ஒருமுறைகூட வராது. பழகிவிட்டால் விரல்கூட வேண்டாம், தொட்டியைத் தூக்கினாலே கனம் சொல்லிவிடும்.

வெங்காயத்தோல் விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட், இலையில் மெக்னீசியம் குறைந்து நரம்புகளுக்கு நடுவே வெளுத்தால் அதற்கு மருந்து, பூவுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. வாழைப்பழத்தோல், வெங்காயத்தோல் ஊறிய நீரில் கொஞ்சம் சத்து இருக்கும், கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஹாலில் வைத்த தொட்டியில் ஊற்றினால் கொசு மாதிரிக் குட்டிப் பூச்சி பறக்கும். மோரை இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள், நீங்கள் குடியுங்கள். உரமே வேண்டாம் என்று இல்லை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை, செடி வளர்கிற மாதங்களில் மட்டும் கொடுத்தால் நிறைவாகப் போதும். உரம் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் செடியே சாட்சி, உள்ளங்கை அகல இலை. தழைச்சத்து அதிகம், இருட்டு இல்லை, அது வேறு என்ன செய்யும்.

பூச்சி பெரிய தொல்லை இல்லை. இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரித் தெரிந்தால் மாவுப்பூச்சி, காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து எடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம். வேப்பெண்ணெய் தெளித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்த பின் தெளியுங்கள், எண்ணெய் பட்ட இலை வெயிலில் வெந்துவிடும். இலைமேல் வெள்ளைப் பவுடர் பூசினாற்போல் வந்தால் சாம்பல் நோய், காற்றோட்டம் இல்லாத மூலையிலிருந்து தள்ளி வையுங்கள், பாதித்த இலையைக் கிள்ளிவிடுங்கள்.

வீட்டுக்குள் பூக்கிற வேறு சக்குலன்ட் எது என்ற கேள்விக்கு, டீப்பாய் மேல் வைத்துப் பூக்கிற எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஜன்னலோரம் என்று கேட்டால் பதில் உண்டு. ஹோயாவை முழு சக்குலன்ட் என்று சொல்ல முடியாது, ஆனால் தடித்த இலை, சென்னைப் புழுக்கத்துக்கு ஈடு கொடுக்கும், மெழுகில் செய்தாற்போல் கொத்துப் பூ. ஒன்றே ஒன்று, பூ உதிர்ந்ததும் மொட்டையாக நிற்கும் காம்பை வெட்டிவிடாதீர்கள், அடுத்த கொத்து அதே காம்பில்தான் வரும். சுத்தமாக வேண்டும் என்று வெட்டிவிட்டு இன்னும் ஒரு வருடம் காத்திருந்தவர்கள் நிறைய. யூபோர்பியா மிலி, முள் தண்டில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ நிற்குமே, அதுவும் மடகாஸ்கர்தான், பால்கனியில் நாலு மணி நேர வெயில் கிடைத்தால் அநேகமாக வருடம் பூராவும் பூக்கும், இருட்டுக் கணக்கெல்லாம் அதற்கு வேண்டாம். அதன் பால் கண்ணில் படக்கூடாது, வெட்டும்போது ஜாக்கிரதை. அடீனியமும் டேபிள் ரோஸும் மொட்டைமாடிச் செடிகள், வீட்டுக்குள் வைப்பது பாவம். அப்புறம் கிறிஸ்துமஸ் கேக்டஸ். அழகான செடி, பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில் மரத்தின்மேல் வளர்வது, நீண்ட ராத்திரியோடு குளிர்ந்த ராத்திரியும் கேட்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜன்னலில் வழிய வழியப் பூத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு நானே நாலு முறை வாங்கி வந்தேன், செங்கல்பட்டில் நாலு முறையும் மொட்டை உதிர்த்தது. மலையில் வளர்க்கிறவர்கள் சொல்வதைக் கேளுங்கள், என் அனுபவம் எல்லாம் சமவெளியில்தான்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் பூனை, நாய் இருந்தால் கலஞ்சோவை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதயத்தைத் தாக்குகிற நஞ்சு இந்தச் செடியில் இருக்கிறது, பூவில் கூடுதலாக. தொட்டால் ஒன்றும் ஆகாது, தின்றால்தான். தவழ்கிற குழந்தை இருந்தாலும் அப்படியே. அடீனியத்தின் பாலும் நஞ்சுதான்.

தூக்கிப் போட வேண்டுமா என்றால், வேண்டாம். இப்போது ஆகஸ்ட் கடைசி, சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நீண்ட கிளைகளில் நாலைந்தை நுனியிலிருந்து விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலை இரண்டைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாயை ஆறவிட்டு, மேலே சொன்ன கலவையில் நடுங்கள். வெட்டிய சூட்டோடு ஈர மண்ணில் குத்தினால் அழுகும். மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும், நுனியை லேசாக இழுத்தால் மண் பிடித்து நிறுத்துவது தெரியும். அக்டோபர் கடைசிக்குள் நாலைந்து ஜோடி இலை வந்துவிடும், அந்த அளவு இருந்தால் இருட்டுக்குத் தயார். தாய்ச்செடியையும் பாதிக்கு வெட்டி, புது மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மழை அடிக்கும்போது ஹாலுக்குள் கொண்டுவர வேண்டாம், பால்கனியிலேயே சாரல் படாத உள்சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தால் போதும், பால்கனி விளக்கைப் போடாமல் இருந்தால் சரி. நாற்றுகளில் ஒன்றை மட்டும் வழக்கம்போல் டிவி பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மற்றதைப் பெட்டியில் மூடுங்கள். பிப்ரவரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பெட்டியில் மூடியதும் பூக்காவிட்டால், எத்தனை மணிக்கு மூடினீர்கள், எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எங்கே தப்பியது என்று பார்க்கலாம்.